எண் போட்ட படங்கள்

உங்கள் பாடநூலில் கண்ணின் படத்தைப் பாருங்கள். விழிவில்லைக்கு 1, விழித்திரைக்கு 2 என்று எண்ணிட்டு, அருகில் விளக்கம் தந்திருப்பார்கள். இம்முறையைக் குழந்தைகள் நூலில் நிலைநாட்டியவர், மொராவியாவில் 1592இல் பிறந்த கொமேனியஸ் பாதிரியார். மதப்போரினால் தாயகத்தை இழந்து நாடு நாடாக அலைந்தவர் அவர்.

அக்காலச் சிறுவர்கள் லத்தீன் சொற்களைப் பொருள் விளங்காமலே நெட்டுருப் போட்டார்கள். (இன்று மட்டும் என்ன வாழ்கிறது என்கிறீர்களா? அது வேறு கதை.) பொருளைக் காட்டாமல் சொல்லைப் புகட்டுவது வீண் என்று கருதிய கொமேனியஸ், 1658இல் நூரம்பெர்க் நகரில் 'ஓர்பிஸ் பிக்டஸ்' என்னும் படநூலை வெளியிட்டார். மொத்தம் 150 பாடங்கள். தச்சு வேலை, ரொட்டி சுடுதல், கடிகாரம், கிரகணம் எல்லாம் உண்டு. படத்திலுள்ள எண்ணே லத்தீன், ஜெர்மன் வரிகளிலும் வரும். கண்ணுக்குத் தெரியாத ஆன்மாவைக்கூட அவர் விடவில்லை. புள்ளிகளாலான மனித உருவமாகக் காட்டிவிட்டார்!

படங்கள் மரக்கட்டையில் செதுக்கப்பட்டவை. வெள்ளையாக வேண்டிய இடத்தைச் செதுக்கி நீக்கினால் கோடுகள் மேடாக நிற்கும். ஈய எழுத்துகளும் மேடானவையே. ஆகவே இரண்டையும் ஒரே சட்டத்தில் பூட்டி, ஒரே அழுத்தில் அச்சிடலாம். செப்புத்தகட்டிலோ கோடுகள் பள்ளமாக இருக்கும். அதற்குத் தனிப்பொறி வேண்டும்.

இத்தனை சிறப்புள்ள நூலில், வானத்தைப் பற்றிய பாடம் என்ன சொல்கிறது தெரியுமா? பூமி நடுவில் அசையாமல் நிற்கிறதாம், வானம் அதைச் சுற்றுகிறதாம்! கோப்பர்நிக்கஸின் நூல் வெளிவந்து அப்போது 115 ஆண்டுகள் ஆகியிருந்தன. கொமேனியஸ் அதை அறியாதவரல்லர். கோப்பர்நிக்கஸ் தம் கைப்பட எழுதிய மூலப்பிரதியையே 1614இல் ஹைடல்பர்க்கில் விலைக்கு வாங்கியவர் அவர். ஆயினும் அக்கொள்கையை அவர் ஏற்கவில்லை.

தவறான வாக்கியத்தை வகுப்பில் எளிதில் திருத்திவிடலாம். படம் அப்படியன்று. பூமியின் பாதையை நீண்ட முட்டைபோல் வரைந்து பழகிய மாணவர், பூமி சூரியனை நெருங்குவதால்தான் கோடை வருகிறது என்று கல்லூரியிலும் எழுதுகிறார். உண்மையில் அப்பாதை ஏறக்குறைய வட்டமே. மிகக் குறைந்த தொலைவு 14.7 கோடி கிலோமீட்டர். மிக அதிகம் 15.2 கோடி. பூமி மிக நெருங்கி வருவதோ ஜனவரித் தொடக்கத்தில், நம் மார்கழிக் குளிரில்!

கொமேனியஸின் நூல் நெடுங்காலம் செல்வாக்குடன் இருந்தது. 1749இல் பிறந்த ஜெர்மானியக் கவிஞர் கெதேயும் சிறுவயதில் அதைப் படித்தவர்தாம். கொமேனியஸ் வாங்கி வைத்திருந்த மூலப்பிரதி இப்போது போலந்து நாட்டின் கிராக்கோ நகரில், யாகெல்லோனியப் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. அதிலும் ஒரு படம் உண்டு. கோப்பர்நிக்கஸே கவராயம் கொண்டு வரைந்த வட்டங்கள், நடுவில் சூரியன்.