தோளில் ஒரு துண்டு

கருவறை முன் நிற்கும் ஆடவர் தோளிலுள்ள துண்டை எடுத்து இடையிற் கட்டிக்கொண்டு கைகூப்புவது தமிழர்தம் பழைய வழிபாட்டு முறை. ஆலய மரியாதையாகத் தலையிற் கட்டப்பெறும் பரிவட்டமும் ஒரு துண்டே. அன்றாடம் பழகும் இவ்வாடை பெயர் பெற்ற வரலாறு அன்பர்கள் அறியத்தக்கதாகும்.

துணித்தல் என்றால் வெட்டுதல். தறியில் நீளமாக நெய்ததிலிருந்து துணிக்கப்பட்டது துணி. அதில் ஒரு சிறு கூறு துண்டு. அறுத்தலிலிருந்து பிறந்த 'அறுவை' என்னும் சொல்லும் பண்டு ஆடையையே குறித்தது. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்பவர் சங்கப் புலவருள் ஒருவர், துணி வணிகர். (இக்காலத்தார் 'அறுவை' என்றதும் நீண்ட மேடைப் பேச்சை நினைப்பர்!) துவாலையோ நம் சொல்லன்று, போர்த்துக்கீசியர் தந்தது. 1511இல் மலாக்காவைப் பிடித்த அவர்களிடமிருந்தே மலாய்மொழியும் 'துவாலா' என்னும் சொல்லைப் பெற்றது. யாழ்ப்பாணத்தார் துவாய் என்பர்.

உலு யாம் முதல் கோல சிலாங்கூர் வரை பால்மரக் காடுகளில் வியர்வை துடைத்ததும், வெயிலுக்கும் கொசுவுக்கும் தலையை மூடியதும் இத்துண்டே. ஆயினும் அதனைத் தோளில் இடும் உரிமை எல்லார்க்கும் இருந்ததில்லை. தமிழகச் சிற்றூர்களில் ஒடுக்கப்பட்டோர், மேற்சாதியார் எதிர்ப்படின் துண்டை இடைக்கு இறக்கவோ கக்கத்தில் இடுக்கவோ வேண்டும். இறைவனுக்கு மனமுவந்து செய்யும் வணக்கத்தை மனிதர் தமக்கென வலிந்து வாங்கினர். மங்கல இசை வழங்கிய நாதசுரக் கலைஞரும் இதற்குத் தப்பவில்லை. கானாடுகாத்தானில் ஒரு திருமண ஊர்வலத்தில் மதுரை சிவக்கொழுந்து தம் துண்டை எடுக்குமாறு பணிக்கப்பட்டபோது, எடுக்கவேண்டா எனப் பெரியாரும் பட்டுக்கோட்டை அழகிரிசாமியும் துணைநின்றனர். அந்தப் பெரியார் 1929 டிசம்பரில் மலாயாவுக்கு வந்தார். சுயமரியாதைக் கருத்துகள் தோட்டங்களிலும் வேரூன்றின.

ஊரில் துண்டுக்கு இருந்த கட்டளை இங்கே மிதிவண்டிக்கு இருந்தது எனலாம். துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி மிதிவண்டியைவிட்டு இறங்கி நிற்கவேண்டும். 1941இல் கிள்ளானில் தொடங்கிச் சிலாங்கூர்த் தோட்டங்களிற் பரவிய வேலைநிறுத்தத்தில், ஊதிய உயர்வுடன் இக்கட்டாயத்தை ஒழிப்பதும் ஒரு கோரிக்கையாயிற்று. வயிற்றுக்கான கோரிக்கைகளோடு இதனையும் சேர்த்து எழுதிய அவர்தம் நெஞ்சுரம் போற்றத்தக்கது. தலைமை தாங்கிய ஆர். எச். நாதன் அவ்வாண்டு மே மாதம் கைதுசெய்யப்பட்டுப் பின்னர் நாடுகடத்தப்பட்டார்.