நிலம்பேயில் தோன்றிய வால்வெள்ளி

ஆங்கிலேயரின் பழைய நாட்காட்டிப்படி 1664 டிசம்பர் 21. கண்டிக்குத் தெற்கேயுள்ள நிலம்பே அரண்மனையை நள்ளிரவிற் கிளர்ச்சிக்காரர் சூழ்ந்தனர். மன்னன் இரண்டாம் இராஜசிங்கன் மலைகளுக்குத் தப்பியோடினான். அவ்வேளை வானுச்சியில் ஒரு வால்வெள்ளி நின்றது. கண்டி நாட்டிற் சிறையிருந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் ஒரு புதுமையைக் குறித்தார். கிளர்ச்சி எழுந்த மேற்றிசை நோக்கி நீண்டிருந்த வால், மறுநாளிரவு கிழக்கே திரும்பிவிட்டதாம்! கிளர்ச்சியும் விரைவில் அடங்கிற்று.

வானநூல் கூறும் காரணம் வேறு. வால்வெள்ளியின் வால் எப்பொழுதும் சூரியனுக்கு எதிர்ப்புறமே நீளும். அந்நாட்களிலேதான் அது பூமியை மிக நெருங்கி, சூரியனுக்கு நேரெதிரே கடந்து சென்றது. ஆதலின் வாலும் திசை மாறிற்று. அதே வால்வெள்ளியைக் கேம்பிறிட்ஜில் மாணவராயிருந்த நியூட்டனும் நோக்கினார். நொக்ஸ் கொண்ட அச்சம் மறைந்தது. கண்டதைக் கண்டவாறே எழுதிய சான்று நிலைத்தது.