உடையும் ஊர்ப் பெயரும்



இரயில்வே அலுவலகத்தில் சரக்குக் கணக்குப் பேரேடுகளோடு காலங் கழிக்கும் நமக்குக் கடல் கடந்த நாட்டுச் சரித்திரம் எதற்கு என்று அன்பர்கள் வினவக்கூடும். காரணம் ஒரு படம். சென்ற கோடை விடுமுறையில் நம் இளைய மகன் அதைக் கொணர்ந்து காட்டினான். கடலோரத்தில் இடிந்த கற்சுவர்கள். அவற்றின் நடுவே, கட்டம் போட்ட கம்பளித் துணியை முழங்காலளவு மடிப்பு மடிப்பாக உடுத்திய ஆடவர் ஒருவர். "இது வைக்கிங்குகள் வாழ்ந்த ஊராம். அவர்களும் இப்படித்தான் உடுத்தினார்களா அப்பா?" என்று கேட்டான். நமக்கு விடை தெரியவில்லை. நூலகத்தை நாடினோம். அங்கு அறிந்ததை இம்மலரில் பகிர்ந்துகொள்கிறோம்.

படத்திலுள்ள ஊர் யார்ல்ஸ்ஹாப். ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாந்துத் தீவுகளின் தென்கோடியில், சம்பரோ முனைக்கு அருகே அமைந்தது. அபர்டீன் துறைமுகத்தில் மாலையில் கப்பலேறுவோர் மறுநாள் காலை லெர்விக் பட்டினம் சேர்ந்து, அங்கிருந்து தெற்கே சாலை வழியாகச் செல்வர். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வீசிய புயல்கள் கரையை அரித்துச் செல்லவே, மண்ணுள் மறைந்து கிடந்த சுவர்கள் வெளிப்பட்டன. பின்னர் நடந்த அகழாய்வுகளில், வெண்கலக் காலத்து வீடுகளும், இரும்புக் காலத்து வட்ட வீடுகளும், 9-ஆம் நூற்றாண்டு முதல் நார்வேயிலிருந்து வந்து குடியேறியோரின் நீண்ட வீடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தென்பட்டன.

வைக்கிங் என்றவுடன் வாளும் கொள்ளையுமே நம் நினைவுக்கு வரும். இங்குக் கிடைத்தவையோ தறியில் பாவுநூலை இழுத்துக் கட்டும் கற்கள், தக்களியின் வட்டுகள், தூண்டில் கயிற்றில் கட்டும் கற்கள், நம் வீட்டுக் கற்சட்டியைப் போல மாக்கல்லில் குடைந்த பாத்திரங்கள். பிழைப்பை நாடிக் குடும்பத்தோடு கடல் கடந்து வந்த மக்களின் தட்டுமுட்டுகள் அல்லவா இவை! அம்மக்களின் ஆடவர் அணிந்தவை காற்சட்டையும் அதன்மேல் நீண்ட அங்கியுமாம். ஆகவே நம் மகனின் கேள்விக்கு விடை, 'இல்லை' என்பதே.

ஆயின் அந்த யாத்திரிகர் உடுத்தியிருந்தது யாது? அதன் பெயர் கில்ட். ஸ்காட்லாந்தின் மலைநாடாகிய ஹைலாந்து மக்களின் உடை அது. 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நான்கைந்து கஜத் துணியை இடையில் கொய்து, வாரால் இறுக்கி, எஞ்சியதைத் தோளில் போர்த்தனர். இன்று நாம் காணும் குட்டையான கில்ட் 18-ஆம் நூற்றாண்டில் வழக்கிற்கு வந்தது. ஷெட்லாந்துத் தீவினர்க்கோ இது பரம்பரை உடையன்று. அத்தீவுகள் 1469 வரை ஸ்காட்லாந்தைச் சேர்ந்தவையே அல்ல. டென்மார்க், நார்வே நாடுகளின் அரசர் முதலாம் கிறிஸ்டியன், தம் மகள் மார்கரெட்டை ஸ்காட்லாந்து அரசருக்கு மணமுடிக்கையில், சீதனப் பணத்தில் 8,000 புளோரினுக்கு ஈடாக அவற்றை அடகு வைத்தார். அடகு மீட்கப்படவே இல்லை.

இங்கொரு புதுமை உண்டு. கில்ட் என்னும் சொல்லே வைக்கிங்குகளின் மொழிக் குடும்பத்திலிருந்து வந்தது. 'மடித்துச் செருகுதல்' என்பது அதன் மூலப் பொருள். வேட்டியை மடித்துக் கட்டும் நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

இனி அவ்வுடை பட்ட பாட்டைக் காண்போம். 1746 ஏப்ரலில் கல்லோடன் போர்க்களத்தில் ஹைலாந்துக் கிளர்ச்சிப் படை தோற்றது. அவ்வாண்டே பாராளுமன்றம் ஹைலாந்து உடைக்குத் தடைச் சட்டம் இயற்றியது. முதன்முறை உடுத்தினால் ஆறு மாதச் சிறை. மறுமுறை உடுத்தினால் ஏழாண்டு நாடு கடத்தல். அரசின் படையில் சேர்ந்தவர்க்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. வீட்டில் குற்றமாகிய உடை பட்டாளத்தில் பெருமையாயிற்று! 1857-இல் லக்னோவில் போரிட்ட படைகளுள் கில்ட் உடுத்திய அணிகளும் இருந்தன. சட்டம் 1782-இல் நீக்கப்பட்டது. அதற்குள் 35 ஆண்டுகள் கடந்துவிட்டன. உடுத்தும் வழக்கம் அற்றுப்போகும் அளவுக்கு அது நீண்ட காலம்.

அதனை மீண்டும் அரங்கேற்றியவர் புகழ்பெற்ற நாவலாசிரியர் சர் வால்டர் ஸ்காட். 1822 ஆகஸ்டில் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ நகருக்கு வந்தபோது, வரவேற்பு ஏற்பாடுகளை ஸ்காட் முன்னின்று நடத்தினார். மன்னரே கில்ட் உடுத்தினார். அதுவரை மலைநாட்டாரின் உடையை இகழ்ந்த சமவெளிக் கனவான்களும் உடுத்தினர். அன்று முதல் ஒரு பகுதியினரின் உடை நாடு முழுமைக்கும் உரியதாயிற்று. அதே காலத்தில், ஆடு வளர்ப்பதற்காக ஹைலாந்துக் குடியானவர்கள் தம் நிலங்களிலிருந்து விரட்டப்பட்டு வந்தனர் என்பதையும் மறத்தலாகாது. உடைக்கு மாளிகையில் இடம் கிடைத்தது. உடுத்தியவனுக்கு ஊரில் இடம் இல்லை.

ஸ்காட்டின் கை இத்துடன் நிற்கவில்லை. 1814-இல் கலங்கரை விளக்கங்களைப் பார்வையிடும் கப்பலில் அவர் ஷெட்லாந்து சென்றிருந்தார். சம்பரோவில் பாழடைந்து நின்ற 17-ஆம் நூற்றாண்டு வீடொன்றைக் கண்டார். மன்னர் வருகைக்குச் சில மாதங்கள் முன்பு வெளிவந்த தம் 'பைரேட்' நாவலில் அதற்கு 'யார்ல்ஸ்ஹாப்', அதாவது பிரபுவின் மாளிகை, என்று பெயர் சூட்டினார். காலடியில் வைக்கிங் வீடுகள் புதைந்து கிடந்ததை அவர் அறியார். கற்பனைப் பெயரே ஊருக்கு நிலைத்தது. படத்திலுள்ள யாத்திரிகரின் இடையிலிருந்த உடைக்குப் புகழும், அவர் சென்ற ஊருக்குப் பெயரும் ஒரே நாவலாசிரியரால் வந்தவை!

இவ்வளவையும் கேட்ட மகன், "அப்படியானால் அவர் உடுத்தியது பொய்யா?" என்றான். பொய்யன்று என்றோம். பெயர் புதிது, கல் பழையது. விழாக்கோலம் புதிது, தடையும் சிறையும் மெய். எதனை எவ்வளவு பழமை என்று அறிந்து போற்றுவதே பெருமை; அறியாமல் பேசுவது வீம்பு.

பிறகு அவன் கேட்டதுதான் நம்மைச் சுட்டது. "நீங்கள் மட்டும் ஏன் ஆண்டுவிழாவுக்கு வேட்டியைப் பையில் வைத்துக்கொண்டு போய் மண்டபத்தில் மாற்றிக்கொள்கிறீர்கள்?"

இருபது ஆண்டுகளுக்கு முன்பு, இவ்வூருக்கு வந்த புதிதில், கடைத்தெருவில் யாரோ நகைத்தார்கள். அன்று தொடங்கிய வழக்கம் அது. நமக்குத் தடைச் சட்டம் ஏதுமில்லை, சிறையில்லை, நாடு கடத்தலும் இல்லை. ஒரு சிரிப்புக்கு அஞ்சினோம். காலனியில் இவ்வாறு பை சுமப்போர் நாம் ஒருவர் மட்டுமல்லர் என்பதும் அறிவோம்.

இவ்வாண்டு விழாவுக்கு வீட்டிலேயே வேட்டி உடுத்து, மகனோடு பேருந்து ஏறி வருவதென்று முடிவு செய்துள்ளோம். வழியில் அன்பர்கள் கண்டால், உடன் சேர்ந்து வருக.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!