ரெக்கவரி டிஸ்க் எங்கே போச்சு?

முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். லேப்டாப்பை ஆன் பண்ணா நீலத்திரை, தானே ரீஸ்டார்ட், திரும்ப நீலத்திரை. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் உள்ளே மாட்டிக்கிச்சு. "ரெக்கவரி டிஸ்க் இருக்கா"ன்னு கேட்டேன். "அப்படின்னா என்னண்ணா?" என்றார். நியாயமான கேள்விதான்.

விண்டோஸ் 95 காலத்தில் அது 1.44 எம்பி ஃபிளாப்பி. கணினி படுத்துவிட்டால் அதைச் செருகி எழுப்புவார்கள். அவசியமான டிரைவர்களை மட்டும் ஏற்றும் சேஃப் மோடும் அந்த விண்டோஸிலேயே வந்தது. 2001-இல் எக்ஸ்பி வந்தபோது ஃபிளாப்பியின் இடத்தில் சிடி. பிறகு தயாரிப்பாளர்கள் சிடி தருவதையும் குறைத்து, மீட்பு ஃபைல்களை அதே ஹார்ட் டிஸ்கின் மறைவான ஒரு பகுதியில் வைத்தார்கள். செலவு மிச்சம், தொலையவும் தொலையாது. ஆனா அந்த டிஸ்கே போனா மருந்தும் சேர்ந்து போச்சு.

2024 ஜூலை 19-ஐ நினைச்சுப் பாருங்க. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் பழுதான அப்டேட் ஒன்று சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளைச் சாய்த்தது. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். 78 நிமிடத்தில் நிறுவனம் அப்டேட்டைத் திரும்பப் பெற்றுவிட்டது. ஆனா நெட்வொர்க் கிடைப்பதற்கு முன்பே விழும் கணினிக்குத் திருத்தம் எப்படிப் போய்ச் சேரும்? ஆட்கள் ஒவ்வொரு கணினியாகப் போய், சேஃப் மோடில் நுழைந்து, ஒரே ஒரு ஃபைலை அழித்தார்கள். டிஸ்க் பூட்டியிருந்த இடங்களில் 48 இலக்க பிட்லாக்கர் சாவியையும் தேட வேண்டியிருந்தது.

தம்பிக்கும் அதே வழிதான். விண்டோஸ் 10, 11-இல் தொடக்கம் இரண்டு மூன்று முறை தொடர்ந்து தடைபட்டால் பழுதுபார்ப்புத் திரை தானே வரும். அதில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் போய் ரீஸ்டார்ட் கொடுத்து, 4-ஐ அழுத்தினால் சேஃப் மோட். கடைசியாகப் போட்ட டிரைவரையோ மென்பொருளையோ அங்கே நீக்கிப் பார்க்கலாம்.

அந்தத் திரையே வரலையா? நண்பரின் கணினியில், 8 ஜிபி பென்டிரைவில், மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் கருவியால் விண்டோஸ் மீட்பு டிரைவ் செய்துக்கலாம். அதிலிருந்து தொடங்கி 'ரிப்பேர்' மட்டும் தேர்ந்தெடுங்க. 'இன்ஸ்டால்' பக்கம் போயிடாதீங்க, ப்ராஜெக்ட் அழிஞ்சிடலாம். எதுவுமே சரிவரலைன்னா, லினக்ஸ் பென்டிரைவில் தொடங்கி முதலில் ஃபைல்களை வெளியே எடுத்துடுங்க. பூட்டிய டிஸ்கா இருந்தா அதுக்கும் பிட்லாக்கர் சாவி வேணும். பெரும்பாலும் அது உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் இருக்கும்.

கணினி நல்லா ஓடுற இன்னைக்கே ஒரு மீட்பு பென்டிரைவ் செஞ்சு மேசை டிராயரில் போட்டு வைங்க. அந்தச் சாவியையும் தாளில் எழுதி வேற இடத்தில் வைங்க.