சைக்கிள், புதுக்கோட்டை, 1992

புதுக்கோட்டை மாவட்டத்து அறிவொளி இயக்கத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள், எத்தனை பேர் கையெழுத்துப் போடக் கற்றார்கள் என்ற கணக்கோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தக் கணக்கில் எனக்கு அவ்வளவு சுவாரஸ்யமில்லை. 1991இல் தொடங்கிய இயக்கம், மறு வருஷத் தொடக்கத்தில் எழுத்தோடு சைக்கிளையும் கற்பிக்க ஆரம்பித்தது. நவீனத்துவம் என்றால் கவிதையின் உருவம் என்றே பேசிப் பழகியவர்களுக்கு, ஒரு ஜில்லாவின் பெண்கள் ஒரு யந்திரத்தின் மேல் ஏறியது விமர்சனத்தின் எல்லைக்கு அப்பாற்பட்ட சமாசாரமாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

சைக்கிளில் மறைவு எதுவுமில்லை. சங்கிலி, பல்சக்கரம், பிரேக் கம்பி எல்லாம் கண்ணெதிரே இருக்கின்றன. எது எதை இழுக்கிறது என்பது பத்து வயதுப் பையனுக்கும் புரியும். ஒரு தண்ணீர்ச் சட்டி, பம்பு, சொல்யூஷன் ட்யூப், ரப்பர்த் துண்டு இருந்தால் மரத்தடியில் ஒருவன் தொழில் நடத்தலாம். எந்தக் கம்பெனியின் அனுமதியும் வேண்டாம். இந்தத் திறந்த தன்மை தானாக வந்துவிடவில்லை. 1888இல் டன்லப் காற்றடைத்த டயருக்குப் பேட்டண்ட் வாங்கினார். ஆனால் ராபர்ட் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1845லேயே அதே யோசனையைப் பதிவு செய்திருந்தது தெரியவந்ததும் டன்லப்பின் உரிமை செல்லாமல் போயிற்று. கம்பெனி சும்மா இருக்கவில்லை. டயரை ரிம்மில் பொருத்தும் முறைகளுக்கான வேறு பேட்டண்டுகளை விலைக்கு வாங்கி, இன்னும் சில காலம் வாசலில் உட்கார்ந்திருந்தது. அவையும் காலாவதியான பிறகுதான் சைக்கிள் எல்லோருடையதுமாயிற்று. 1949இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் வந்தபோது யந்திரத்தில் ரகசியம் என்று எதுவும் பாக்கியில்லை.

ரகசியமில்லாத யந்திரத்துக்கும் காவல்காரர்கள் உண்டு. நம் ஊர்களில் வாடகை சைக்கிளை மணிக்கணக்கில் எடுத்து, பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டுக் கற்றவர்கள் பையன்கள். பெண்பிள்ளைக்கு அந்தத் தெரு கிடையாது. இதே புதுக்கோட்டையில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முத்துலட்சுமி ஆண்கள் படிக்கும் மகாராஜா கல்லூரியில் சேர ராஜாவே தலையிட வேண்டியிருந்தது. ஒரு பெண்ணுக்காக ஒரு கதவு, அதற்கு ஓர் அரசரின் உத்தரவு. நம் சரித்திரத்தில் கதவுகள் பெரும்பாலும் இப்படித்தான் திறந்திருக்கின்றன.

1992இல் நடந்தது வேறு ஜாதி. அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் இதற்கு முன்னின்றார், வங்கிகளைச் சைக்கிள் கடன் கொடுக்க வைத்தார் என்பது உண்மை. ஆகவே இதுவும் மேலிருந்து வந்த உத்தரவு என்று ஒருவர் வாதிடலாம். தொடக்கம் அப்படித்தான். ஆனால் கற்றவள் இன்னொருத்திக்குக் கற்றுக்கொடுத்தாள். அதற்கு கலெக்டர் ஆபீஸ் முத்திரை தேவைப்படவில்லை. அந்த வருஷம் மார்ச் 8 மகளிர் தினத்தில் 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டைத் தெருக்களில் போனார்கள். விவசாயக் கூலிகள், கல்லுடைப்பவர்கள், கல் பட்டை தீட்டுபவர்கள், கிராம நர்சுகள், பால்வாடி ஊழியர்கள் எல்லோரும் பழகினார்கள். பி. சாய்நாத் 1996இல் வெளியான தன் புத்தகத்தில், ஒரு லட்சத்துக்கும் அதிகமான கிராமத்துப் பெண்கள் கற்றதாகவும், பத்து வயதுக்குட்பட்ட சிறுமிகளை நீக்கிப் பார்த்தால் கிராமப் பெண்களில் நாலில் ஒருத்திக்கும் மேல் என்றும் எழுதுகிறார். தெருவில் கேட்ட ஆபாசப் பேச்சையும் அவர் விடவில்லை.

பெண்கள் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தது. கடைக்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள், வியாபாரம் எப்போதும் முற்போக்குக்கு விரோதி என்று யார் சொன்னது? பெண்கள் ஆண் சைக்கிளையே வாங்கினார்கள். குறுக்குப் பாரில் குழந்தையை உட்கார்த்திக்கொள்ளலாம் என்பதற்காகச் சிலர் அதையே விரும்பினார்கள். பெண்ணுக்கென்று சேலையை உத்தேசித்துக் கம்பெனி வளைத்துக் கொடுத்த சட்டத்தை, உபயோகிப்பவள் தன் காரியத்தை உத்தேசித்து நிராகரிக்கிறாள். இந்த இடத்தில்தான் நான் அதிக நேரம் நின்றுவிடுகிறேன்.

பஸ் ஒன்றுக்காகக் காத்துக் கிடந்த நேரமும், கணவனோ மகனோ கொண்டுபோய் விடவேண்டும் என்ற நிலையும் குறைந்தன. விளைந்ததையும் பின்னியதையும் தாங்களே நாலு ஊருக்குக் கொண்டுபோய் விற்றார்கள்.

அதே காலத்தில் இதே ஜில்லாவில் கல்குவாரிகளைப் பெண்கள் குழுக்களுக்குக் குத்தகைக்கு விட்டார்கள். காண்டிராக்டர்களிடமிருந்து நேரடியாகப் பிடுங்கிய காரியம். பொருளாதாரத்தில் சைக்கிளைவிடப் பெரியது. ஆயினும் குத்தகை ஒரு காகிதம். அதற்குக் கெடு உண்டு, புதுப்பிக்க ஓர் ஆபீஸ் உண்டு, ஆபீசுக்குள் போகத் தெரிந்தவர்கள் உண்டு. பாலன்ஸ் பிடிக்கத் தெரிந்த உடம்பிடமிருந்து அதை எந்தக் கையெழுத்தாலும் திரும்ப வாங்க முடியாது.

இவான் இலிச் 1973இலும் 1974இலும் எழுதிய இரண்டு சிறு நூல்கள் இங்கே உதவும். நிபுணரின் தயவில்லாமல் மனிதன் தானே கையாண்டு தானே செப்பனிடக்கூடிய கருவி என்று அவர் தேடியதற்கு சைக்கிள் நேரடி உதாரணம். 1983இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன், கம்ப்யூட்டர் நிரலின் உள்ளடக்கத்தை எல்லோரும் பார்க்கவும் திருத்தவும் பிறருக்குக் கொடுக்கவும் உரிமை வேண்டும் என்று கிளம்பினாரே, அவர் கேட்டதும் ஏறக்குறைய இதுதான்: மூடி போட்டு ஸீல் வைக்காத யந்திரம்.

பின்னால் அரசாங்கமே பள்ளி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தது. முதலில் 2001இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு. சில வருஷங்களில் எல்லோருக்கும். அதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை, ஆயிரக்கணக்கான பெண்கள் அதனால் பிளஸ் டூ முடித்தார்கள். ஆனாலும் மேடையில் வரிசையில் நின்று வாங்குகிற சைக்கிளும், சாயங்காலம் பொட்டலில் இன்னொருத்தி பின்சீட்டைப் பிடித்துக்கொள்ள விழுந்து எழுந்து கற்ற சைக்கிளும் ஒரே பொருள்தானா என்று தெரியவில்லை. முதலாவதில் கொடுத்தவரின் பெயர் எல்லோருக்கும் ஞாபகமிருக்கிறது. இரண்டாவதில் பின்சீட்டைப் பிடித்தவளின் பெயர் அந்தந்த ஊரில்தான் தெரியும்.