இராமானுஜன் பகா எண்கள்

ஒரு பகா எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அதன் இருமடங்கை எட்டுவதற்குள் இன்னொரு பகா எண் வந்தே தீரும். 1845இல் கணிதவியலர் பெர்ட்ரண்ட் இதை ஊகித்தார். ரஷ்யாவின் செபிஷேவ் நிறுவினார்.

1912 மார்ச்சில் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்துக்குக் கணக்கெழுதச் சேர்ந்த சீனிவாச இராமானுஜன், 1919இல் இதற்கு இரண்டே பக்கத்தில் புதிய நிறுவல் தந்தார். இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில் அது வெளிவந்தது. வியப்பு அதன் சுருக்கத்தில் மட்டும் இல்லை. ஓர் எண்ணுக்கும் அதன் பாதிக்கும் நடுவே குறைந்தது ஒரு பகா எண் உண்டு என்பதோடு அவர் நிற்கவில்லை; இரண்டு, மூன்று, நான்கு என எத்தனை வேண்டுமானாலும் எந்த எண்ணிலிருந்து உறுதி என்று கேட்டார். ஒன்று முதல் ஐந்து வரைக்கும் விடையாக வந்தவை முறையே 2, 11, 17, 29, 41. பத்தை எடுத்தால் 5-க்கும் 10-க்கும் இடையில் 7 மட்டுமே. 11 முதல் இரண்டுக்குக் குறையவே குறையாது. நூற்றுக்கு வந்தால் 53 முதல் 97 வரை பத்து பகா எண்கள்!

இவ்வரிசைக்கு இராமானுஜன் பகா எண்கள் என்று பெயரிட்டவர் கணிதவியலர் ஜொனாதன் சாண்டோ.

2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட மாபெரும் பகா எண், 2-இன் 13,62,79,841ஆம் அடுக்கைவிட ஒன்று குறைவானது. அதில் 4,10,24,320 இலக்கங்கள். அதற்கு அடுத்த பகா எண் எதுவென்று யாரும் கண்டதில்லை. ஆனாலும் அதன் இருமடங்குக்குள் ஒன்று கட்டாயம் இருக்கிறது.