காஞ்சிபுரம் பட்டில் உருவரைவு: கட்டத்தாளும் கணினியும்

காஞ்சிபுரம் பட்டுப் புடவையின் கரை, முந்தானை, உடல் ஆகிய பகுதிகளில் வரும் உருவங்களைத் தறிக்கு ஏற்ற வகையில் முன்கூட்டியே வகுத்துக் கொடுக்கும் பணி உருவரைவு ஆகும். நெசவாளர்கள் இதனை 'டிசைன் போடுதல்' என்பர். அடை என்னும் கயிற்றுக் கட்டு, கட்டத்தாளும் துளை அட்டையும், கணினி மென்பொருள் என்று மூன்று நிலைகளை இப்பணி கடந்து வந்துள்ளது. ஒவ்வொரு மாற்றத்திலும் வேலையின் வேகம் கூடியது. உருவத்தை யார் அறிந்திருக்கிறார், யார் வைத்திருக்கிறார் என்பதும் உடன் மாறியது.

புடவையின் அமைப்பு

காஞ்சிபுரம் புடவையில் உடலும் கரையும் தனித்தனி வண்ணங்களில் நெய்யப்பட்டு ஒன்றோடொன்று கோக்கப்படுகின்றன. இதற்குக் கோர்வை என்று பெயர். மூன்று நாடாக்கள் ஓடும் இந்த நெசவில், ஒரு பக்கக் கரையின் நாடாவைத் தள்ளுவதற்கு நெசவாளரின் அருகில் ஓர் உதவியாளர் அமர்ந்திருப்பார். முந்தானை தொடங்கும் இடத்தில் உடலின் பாவு இழைகளுடன் முந்தானைக்குரிய வேறு வண்ணப் பாவு இழைகளை ஒவ்வொன்றாக இணைப்பது பிட்னி எனப்படும்.

மயில், அன்னம், யாளி, இருதலைப்பட்சி, மாங்காய், ருத்திராட்சம், மல்லிமொக்கு, மயில்கண், குயில்கண் போன்றவை இப்புடவைகளில் காலங்காலமாக வரும் உருவங்கள். இவற்றுள் பலவற்றைக் காஞ்சிபுரத்துக் கோயில் தூண்களிலும் சுவர்களிலும் சிற்பங்களாகவும் காணலாம். கரையும் உடலும் சேரும் இடத்தில் வரும் கோபுரம், தாழம்பூ ரேக்கு போன்ற கூர்முனை வரிசைகள் கோர்வையிலேயே இழை எண்ணி உருவாக்கப்படுபவை. பூவும் பறவையும் விலங்கும் அப்படிப்பட்டவை அல்ல. ஒவ்வொரு ஊடை ஓட்டத்திலும் எந்தெந்தப் பாவு இழைகள் மேலெழ வேண்டும் என்று முன்பே தீர்மானித்தால்தான் அவற்றை நெய்ய முடியும். உருவரைவின் தேவை இங்கிருந்தே எழுகிறது.

அடை முறை

ஜக்கார்டு பெட்டி வருவதற்கு முன் காஞ்சிபுரத்தில் உருவங்கள் அடை முறையில் நெய்யப்பட்டன. உருவத்தின் ஒவ்வொரு வரிசைக்கும் எந்தப் பாவு இழைகள் தூக்கப்பட வேண்டுமோ அவற்றுக்குரிய நூல்கள் தறியின் மேல் தொகுதி தொகுதியாகக் கட்டி வைக்கப்படும். உதவியாளர் அவற்றை வரிசைப்படி இழுக்க, நெசவாளர் சரிகையை ஊடையாகச் செலுத்துவார். பனாரஸ் நெசவில் ஜாலா என்று வழங்கும் அமைப்பும் இதே கொள்கையில் இயங்குவதுதான்.

அடையில் உருவத்துக்குத் தனிப் படம் தேவையில்லை. நூல்கள் கட்டப்பட்ட முறையே உருவத்தின் பதிவாக இருந்தது. அடை கட்டத் தெரிந்தவர் சிலரே. ஒரு கட்டினைப் பிரித்துவிட்டால் அந்த உருவம் அவர் நினைவில் மட்டுமே எஞ்சும், அல்லது பழைய புடவை ஒன்றைப் பார்த்து இழை எண்ணி மீண்டும் கட்ட வேண்டும். கட்டுவதற்கு இவ்வளவு உழைப்பு தேவைப்பட்டதால் ஒரு தறியில் ஒரே கரை நெடுங்காலம் ஓடியது.

ஜக்கார்டு பெட்டி

பிரான்சின் லியோன் நகரும் பட்டு நெசவுக்குப் பெயர் பெற்றது. அங்கு 1725-இல் பசீல் பூசோன் துளையிட்ட தாள் சுருளைக் கொண்டு பாவு இழைகளைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கண்டறிந்தார். பின்வந்தோர் தாளுக்குப் பதிலாக அட்டைகளைப் பயன்படுத்தினர். இம்முயற்சிகளை ஒருங்கிணைத்து 1804-இல் ஜோசப் மரி ஜக்கார்டு உருவாக்கிய கருவி அவர் பெயராலேயே உலகெங்கும் பரவியது.

ஜக்கார்டு பெட்டியின் இயக்கம் எளிமையானது. ஓர் அட்டை ஊடையின் ஓர் ஓட்டத்துக்குரியது. அட்டையில் துளை இருந்தால் அதற்கு நேரான கொக்கி எழுந்து தன் பாவு இழையைத் தூக்கும். துளை இல்லையென்றால் இழை கீழேயே இருக்கும். அட்டைகள் நூலால் கோக்கப்பட்டுச் சங்கிலியாகத் தொங்கும். நெசவாளர் மிதியை மிதிக்கும்தோறும் அடுத்த அட்டை முன்வரும். லியோனில் 1839-இல் ஜக்கார்டின் உருவப்படமே சுமார் 24,000 அட்டைகளைக் கொண்டு பட்டில் நெய்யப்பட்டது. அதன் படி ஒன்றை வைத்திருந்த சார்லஸ் பாபேஜ், தாம் திட்டமிட்ட பகுப்பாய்வுப் பொறிக்குத் துளை அட்டை முறையையே தேர்ந்தார். 1890-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹாலரித் துளை அட்டைகளைக் கணக்கிடும் பொறிகளில் பயன்படுத்தினார். பின்னாளில் கணினி தறிக்கு வந்தபோது, தன் முன்னோடிகளுள் ஒன்றாக இருந்த கருவியின் வேலையை அது ஏற்றுக்கொண்டது எனலாம்.

காஞ்சிபுரத்தில் 20-ஆம் நூற்றாண்டில் ஜக்கார்டு பெட்டி படிப்படியாக அடையின் இடத்தைப் பிடித்தது. 120, 240 கொக்கிகள் கொண்ட பெட்டிகள் குழித்தறிகளின் மேல் பொருத்தப்பட்டன. ஒரே தறியில் அட்டைச் சங்கிலியை மாற்றி வேறு கரையை நெய்ய முடிந்தது. அட்டைக்கு முன்பு ஒரு படம் தேவைப்பட்டதால் கட்டத்தாளில் வரைவோர், அட்டை அடிப்போர் எனத் தனித் தொழில்கள் வளர்ந்தன.

கட்டத்தாளில் வரைதல்

கட்டத்தாளில் ஒவ்வொரு நெடுவரிசையும் ஒரு கொக்கியைக் குறிக்கும். ஒவ்வொரு கிடைவரிசையும் ஓர் ஊடை ஓட்டத்தைக் குறிக்கும். வண்ணம் தீட்டிய கட்டம் என்றால் அட்டையில் துளை, வெற்றுக் கட்டம் என்றால் துளையில்லை. 240 கொக்கிகளில் 300 வரிசை கொண்ட ஒரு முந்தானை உருவத்துக்கு 72,000 கட்டங்களையும் கையால் தீர்மானிக்க வேண்டும். அதற்கு 300 அட்டைகள் வேண்டும்.

வரைபவர் முதலில் வெள்ளைத் தாளில் உருவத்தை வரைவார். பிறகு அதைப் பெரிதாக்கிக் கட்டங்களின் மேல் ஏற்றுவார். வளைகோடுகள் இங்கே படிப்படியான முனைகளாக உடையும். அந்த உடைவு கண்ணுக்குத் தெரியாதபடி எந்தக் கட்டத்தை நிரப்புவது, எதை விடுவது என்று முடிவெடுப்பதில்தான் வரைபவரின் தேர்ச்சி அடங்கியிருந்தது. அன்னத்தின் கழுத்தும் யாளியின் துதிக்கையும் சிறிது தவறினாலும் உருவம் சிதைந்துவிடும்.

தாளின் கட்ட அளவும் முக்கியமானது. எடுத்துக்காட்டாக, ஓர் அங்குலத்தில் பாவு இழை 80, ஊடை இழை 60 என்றும், ஒரு கொக்கிக்கு ஓர் இழை என்றும் வைத்துக்கொள்வோம். சதுரக் கட்டங்களில் 60-க்கு 60 என்று வரைந்த வட்டம் துணியில் முக்கால் அங்குல அகலமும் ஓர் அங்குல உயரமும் கொண்ட நீள்வட்டமாகிவிடும். இதனால் இழைகளின் விகிதத்துக்கு ஏற்ப எட்டுக்கு எட்டு, எட்டுக்குப் பத்து, எட்டுக்குப் பன்னிரண்டு எனப் பல அளவுகளில் கட்டத்தாள்கள் அச்சிடப்பட்டன.

மற்றொரு கவனமும் தேவை. சரிகை நீண்ட தொலைவுக்குப் பாவில் கட்டுப்படாமல் மிதந்தால் நகையிலும் நகத்திலும் சிக்கி அறுந்துவிடும். உருவத்தின் பரந்த பகுதிகளில் இடையிடையே கட்டுப்புள்ளிகள் வைக்க வேண்டும். மயிலின் உடலில் அவை செதில் போலவும், இலையில் நரம்பு போலவும் அமையுமாறு வரைவது பழக்கமான கையின் அடையாளம். தாளில் ஒரு கட்டம் பிழையானால் கரையில் அந்த உருவம் வரும் இடமெல்லாம் அதே பிழை தொடரும்.

கலாசேத்திராவும் நெசவாளர் சேவை மையமும்

1936-இல் கலாசேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல், அடுத்த ஆண்டே அங்கு நெசவுப் பிரிவைத் தொடங்கினார். வழக்கொழிந்துவந்த பழைய கோர்வைக் கரைகளும் கோயில் சார்ந்த உருவங்களும் அங்கே மீண்டும் நெய்யப்பட்டன. பழைய புடவைகளைப் பார்த்துக் கட்டத்தாளில் ஏற்றும் பணி இத்தகைய மீட்புக்கு அடிப்படையாக இருந்தது.

விடுதலைக்குப் பின் அனைத்திந்தியக் கைத்தறி வாரியத்தின் கீழ் 1956 முதல் நெசவாளர் சேவை மையங்கள் தொடங்கப்பட்டன. இதில் புபுல் ஜெயகர் முன்னின்றார். கல்லூரிகளில் பயின்ற ஓவியர்களை நெசவாளருடன் ஒரே கூரையின் கீழ் அமர்த்தியது இம்மையங்களின் சிறப்பு. கே. ஜி. சுப்பிரமணியன், பிரபாகர் பர்வே, கே. எம். ஆதிமூலம் உள்ளிட்ட ஓவியர்கள் இத்துறையில் பணியாற்றியுள்ளனர். காஞ்சிபுரத்திலும் ஒரு மையம் இயங்குகிறது. ஓவியர் வரைந்ததைக் கட்டத்தாளில் மாற்றி, அட்டை அடித்து, மாதிரி நெய்து பார்த்து, கூட்டுறவுச் சங்கங்களுக்கும் நெசவாளருக்கும் கொடுப்பது இம்மையங்களின் வேலை. 1960-இல் சேலத்தில் தொடங்கப்பட்ட கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனத்திலும் கட்டத்தாள் வரைவு பாடமாகக் கற்பிக்கப்பட்டது.

கணினியின் வருகை

மின்னணு ஜக்கார்டை இங்கிலாந்தின் போனாஸ் நிறுவனம் 1983-இல் அறிமுகப்படுத்தியது. அட்டைக்குப் பதிலாகக் கோப்பிலிருந்து வரும் குறிப்பின்படி மின்காந்தங்கள் கொக்கிகளைத் தேர்ந்தெடுத்தன. விசைத்தறிக்காக உருவான இம்முறை பின்னர் கைத்தறிக்கு ஏற்பச் சிறிய பெட்டிகளாக வந்தது.

காஞ்சிபுரத்தில் கணினி இரண்டு படிகளில் நுழைந்தது. முதற்படியில் கட்டத்தாள் மட்டும் திரைக்கு மாறியது. உருவத்தை வருடியில் ஏற்றி, மென்பொருளில் திருத்தி, அதன்படி அட்டை அடித்தார்கள். அடுத்த படியில் அட்டையும் விடைபெற்றது. பென் டிரைவில் வரும் கோப்பைத் தறியிலுள்ள கட்டுப்பாட்டுக் கருவி நேரடியாகப் படித்தது. வணிக மென்பொருள்களின் விலை சிறு நெசவாளருக்கு எட்டாததாக இருந்தது. இந்நிலையில் டிஜிட்டல் இந்தியா கார்ப்பரேஷன் டிஜிபுனாய் என்னும் கட்டற்ற மென்பொருளை உருவாக்கியது. ஜக்கார்டு, டாபி ஆகிய இரண்டு வகைத் தறிகளுக்கும் இதில் உருவம் வரையலாம்.

இரு முறைகளின் ஒப்பீடு

கணினியின் முதன்மையான ஆதாயம் காலம். ஒரு மாங்காயை ஒருமுறை வரைந்தால் போதும். அதைத் திருப்பவும் பெருக்கவும் சிறிதாக்கவும் சில நொடிகளே ஆகும். இழை விகிதத்தை எண்ணாகக் கொடுத்தால் வட்டம் வட்டமாகவே துணியில் வரும். நீண்ட மிதவைகளை மென்பொருள் தானே சுட்டிக்காட்டும். பிழையைத் திருத்த முழு அட்டைச் சங்கிலியையும் பிரிக்க வேண்டியதில்லை. முகூர்த்தப் புடவை கேட்டு வருபவருக்கு அவர் விரும்பும் உருவத்தைச் சில நாட்களில் தறியேற்ற முடிகிறது.

கட்டத்தாளின் பலம் வேறு. கட்டம் கட்டமாக நிரப்பியவர் ஒவ்வொரு இழையின் போக்கையும் அறிந்திருந்தார். மென்பொருளில் ஒரு நிழற்படத்தைக் கொடுத்தால் அது தானாகக் கட்டங்களாக மாறிவிடும். ஆனால் கட்டுப்புள்ளிகள் உருவத்தோடு ஒட்டாமல் சீரான புள்ளிகளாக நின்றுவிடுவதுண்டு. அவ்வாறு வந்த மயிலுக்கும் கையால் கட்டமிட்ட மயிலுக்கும் உள்ள வேறுபாட்டைத் தேர்ந்த கண் எளிதில் காணும். தேர்ந்த வரைவாளர்கள் மென்பொருளிலும் கடைசிக் கட்டம்வரை கையாலேயே திருத்துவது இதனால்தான்.

வண்ணத்திலும் திரைக்கு எல்லை உண்டு. பாவு ஒரு வண்ணம், ஊடை வேறு வண்ணம் என்று நெய்யும் மயில்கழுத்துப் போன்ற பட்டு, ஒளியும் மடிப்பும் மாறும்தோறும் வேறு வண்ணம் காட்டும். தட்டையான திரையில் அது இரண்டின் கலவையாக மட்டுமே தெரியும். எம். எஸ். சுப்புலட்சுமிக்காகக் காஞ்சிபுரம் முத்துச் செட்டியார் உருவாக்கியதாகப் புகழ்பெற்ற 'எம். எஸ். நீலம்' சாயத் தொட்டியில் பிறந்த வண்ணம். கட்டத்தாளோ கோப்போ அதைத் தந்திருக்க முடியாது. கோர்வையின் கோப்பும் பிட்னியின் இணைப்பும்கூட இன்றும் கைவேலைகளே.

உரிமையும் நகலும்

அடையில் உருவம் தறியோடு இருந்தது. கட்டத்தாள் காலத்தில் தாளும் அட்டையும் வரைபவரிடமோ சங்கத்திடமோ முதலாளியிடமோ இருந்தன. நகலெடுக்க விரும்புபவர் புடவையை வாங்கி இழை எண்ண வேண்டியிருந்தது. கோப்பு அப்படியல்ல. கைப்பேசியில் அனுப்பினால் அது அதே நாளில் வேறு மாநிலத்தின் விசைத்தறிக்குப் போய்ச் சேரும்.

சட்டப் பாதுகாப்பு ஓரளவே உதவுகிறது. 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் குறிப்பிட்ட வகைத் துணிகளைக் கைத்தறிக்கு ஒதுக்குகிறது. 2005-இல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அது காக்கும் பொருள் பெயரே, தனி உருவம் அல்ல. 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டத்தின்கீழ் பதிவு செய்தால் 10 ஆண்டுகளும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டுகளும் உரிமை உண்டு. ஆனால் வடிவம் புதியதாக இருக்க வேண்டும். தலைமுறைகளாக வரும் இருதலைப்பட்சிக்கோ ருத்திராட்சத்துக்கோ இது பொருந்தாது.

மின்னணுப் பெட்டியோடு மற்றொரு கேள்வியும் எழுந்தது. 1985-ஆம் ஆண்டுச் சட்டம் விசைத்தறி அல்லாத தறியையே கைத்தறி என்கிறது. கொக்கிகளை மின்காந்தம் தேர்ந்தாலும், மிதிப்பதும் நாடா தள்ளுவதும் நெசவாளரே என்றால் அது கைத்தறியே என்பது ஒரு சாராரின் வாதம். பாவு தூக்கும் பளுவையும் மோட்டார் ஏற்கும்போது எல்லைக்கோடு மங்குகிறது என்பது மற்றொரு சாராரின் வாதம். நாள் முழுதும் மிதித்து முழங்கால் தேய்ந்த நெசவாளருக்கு மோட்டார் ஓய்வு தருகிறது. கைத்தறி என்ற பெயருக்காக விலை கொடுக்கும் வாங்குபவருக்கோ அது ஐயத்தைத் தருகிறது.

இன்றைய நிலை

காஞ்சிபுரத்திலும் பிள்ளையார்பாளையம் போன்ற நெசவுப் பகுதிகளிலும் அட்டைத் தறிகளும் மின்னணுத் தறிகளும் அருகருகே இயங்குகின்றன. அட்டை அடிக்கும் வேலை குறைந்துவிட்டது. அத்தொழிலில் இருந்தோர் சிலர் மென்பொருள் கற்று வரைவாளர்களாகியுள்ளனர். தறியில் அமர விரும்பாத நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணினி வரைவு தொழிலில் நீடிக்க ஒரு வழியாகவும் உள்ளது.

பழைய கட்டத்தாள்கள் செல்லரித்தும் அட்டைகள் நைந்தும் அழிகின்றன. அவற்றை வருடிச் சேமிப்பது கணினி செய்யக்கூடிய பெரிய உதவி. எனினும் கோப்பு வடிவங்களும் பழமையாகும். அவற்றைப் படிக்கும் மென்பொருள் நின்றுவிட்டால் கோப்பும் பயனற்றுப் போகும். தாளும் கோப்பும் அழிந்த நிலையிலும் உருவத்தை மீட்க எஞ்சும் ஆதாரம் நெய்த புடவையே. அதிலிருந்து இழை எண்ணி உருவத்தை வெளிக்கொணரத் தெரிந்தவர்கள் இருக்கும்வரை அந்த வழி திறந்திருக்கும்.